விஸ்பி மதிலுக்கு வெளியே ஒன்பது நாட்கள்

சனிக்கிழமை, கப்பலில்

ஸ்வீடனின் நைனஸ்ஹாம்ன் துறைமுகத்தை விட்டுக் கப்பல் கிளம்பி ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. பால்டிக் கடல் இன்று ஏரி போலக் கிடக்கிறது. கோட்லாந்து தீவின் விஸ்பி நகரம் வர இன்னும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். எதிர் வரிசையில் ஒரு குடும்பமே கம்பளி அங்கியும் முக்காட்டுத் தொப்பியுமாக உட்கார்ந்து சீட்டாடிக்கொண்டிருக்கிறது. அவர்களை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆகஸ்ட் மாதத்தில் இந்தக் கப்பலுக்கு இது பழகிப்போன காட்சி. ‘மெடெல்டீட்ஸ்வெக்கன்’, அதாவது ஐரோப்பாவின் இடைக்கால வரலாற்றைக் கொண்டாடும் வாரம், விஸ்பியில் 1984இல் தொடங்கியது. அதைப் பார்க்கத்தான் கப்பல் நிறைய மக்கள் போகிறார்கள்.

நான் போவது அங்கே வாழ்ந்து பார்க்க. உப்சாலாவில் வரலாற்றை வாழ்ந்து பார்க்கும் ஒரு சிறு குழுவில் ஜனவரியில் சேர்ந்தேன். மதிலுக்கு வெளியே கூடாரம் அடித்து, 1360ஆம் ஆண்டை ஒட்டி இந்தப் பக்கத்து மக்கள் எப்படி உடுத்தி, சமைத்து, உறங்கினார்களோ அப்படி இந்த வாரத்தைக் கழிக்கப்போகிறோம். நாங்கள் பத்தொன்பது பேர். புதியவள் நான் ஒருத்திதான். ஒவ்வொரு நாள் இரவும், பார்வையாளர்கள் போன பிறகு, எழுதிப் பதிவிடுவதாகத் திட்டம்.

சேர்ந்த முதல் நாள் வாளும் கேடயமும் பார்க்கலாம் என்ற ஆசையோடு போனேன். கையில் கொடுக்கப்பட்டது ஊசி. “முதல் ஆண்டு உடை. இரண்டாம் ஆண்டு அடுப்பும் கூடாரமும். ஆயுதத்தைப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம்” என்றார் தையல் பொறுப்பைக் கவனிக்கும் ஓய்வுபெற்ற தாதி. இங்கே சின்னவர் பெரியவர் எல்லோரும் பெயர் சொல்லித்தான் அழைத்துக்கொள்கிறார்கள். ஆனால் அறுபது வயதைக் கடந்த அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. மனத்துக்குள் அவர் எனக்குத் தையலக்கா. இங்கும் அப்படியே எழுதுகிறேன்.

அவர் முதலில் காட்டியது ஓர் இறந்த மனிதனின் படத்தை. 1936இல் ஸ்வீடனின் மேற்குக் கரையில், வார்பெரி நகருக்கு அருகே ஒரு சதுப்பு நிலத்தில் அந்த உடல் கிடைத்தது. 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவன். கொன்று, எழுந்து வந்துவிடாதபடி மரக்கழிகளை உடலில் அறைந்து புதைத்திருந்தார்கள். உடலைவிட உடைதான் நன்றாகத் தப்பியிருந்தது. அங்கி, போர்வை, பின்னால் வால் போல நீளும் தொப்பி, காலுறை என்று ஒரு முழு மனிதனின் உடுப்பு. போக்ஸ்டென் மனிதன் என்று அவனை அழைக்கிறார்கள். இந்த வழிக்கு வரும் ஸ்வீடன் ஆண்கள் பலருக்கும் அவனுடைய அங்கிதான் முதல் பாடம்.

எனக்கான பாடம் கிரீன்லாந்திலிருந்து வந்தது. ஹெர்யோல்ஃப்ஸ்னெஸ் என்ற இடத்தில், உறைந்த மண்ணுக்குள் இருந்த கல்லறைகளை 1921இல் டென்மார்க்கின் அகழாய்வாளர் போல் நோர்லுண்ட் தோண்டினார். சவப்பெட்டிக்கு வழியில்லாதவர்களைச் சுற்றிப் புதைக்கப் பழைய கம்பளி உடைகளையே பயன்படுத்தியிருந்தார்கள். அந்த உடைகளின் அளவும் வெட்டும் இன்று உலகம் முழுக்க எங்களைப் போன்றவர்களின் கைகளில் இருக்கின்றன. உடம்புக்கு நேர்த்துண்டு. கீழே விரிவதற்கு நீளமான முக்கோணத் துண்டுகள். கையைத் தூக்கினால் இழுக்காமலிருக்க அக்குளில் ஒரு சின்னத் துண்டு. கைப்பிடி அளவு துணிகூட வீணாகாது. தறியில் ஒவ்வொரு முழமும் எவ்வளவு உழைப்பில் வந்தது என்று தெரிந்தவர்களின் வெட்டு அது.

பிப்ரவரியில் தொடங்கி ஜூன் வரை தைத்தேன். லினன் நூலைத் தேன்மெழுகில் இழுத்து, சில ஓட்டுத் தையலுக்கு ஒரு பின்தையல் போட்டு, ஓரங்களை மடக்கிக் கை எம்மிங். மூன்று முறை பிரித்தேன். நடுவில் ஒரு மாலை, இந்தக் கை வலிக்கிற இடத்தில்தான் கிரீன்லாந்தில் அந்தப் பெண்ணுக்கும் வலித்திருக்கும் என்று தோன்றியது. அதற்குப் பிறகு வாளைப் பற்றி நான் யாரிடமும் கேட்கவில்லை.

மூக்குத்தி பற்றி ஒரு கேள்வி இருந்தது. கைக்கடிகாரம், நகப்பூச்சு, மூக்குக்கண்ணாடி எதுவும் முகாமில் கூடாது. மூக்குத்தியை மட்டும் தையலக்கா என்னிடமே விட்டுவிட்டார். “உடையைப் பற்றி நான் சொல்லலாம். உன் உடம்பைப் பற்றிச் சொல்ல மாட்டேன்” என்றார். பதினான்கு வயதில் பாட்டி குத்திவிட்டது. இதுவரை கழற்றியதில்லை. சற்று முன் கப்பலின் கழிவறைக் கண்ணாடி முன் நின்று கழற்றினேன். நானாக எடுத்த முடிவு. லினன் துணியில் முடிந்து இடுப்புப் பையில் வைத்திருக்கிறேன். முகம் காலியாக இருக்கிறது.

சனிக்கிழமை, இரவு

கூடாரங்கள் எழுந்துவிட்டன. நல்ல பருத்தித் துணி, மரக்கம்பம், கயிறு, மரமுளை. நைலான் கூடாரத்தைப் போலத் தனியாளாக அடிக்க முடியாது. ஒருவர் கம்பத்தைப் பிடிக்க, நால்வர் நான்கு பக்கமும் ஒரே நேரத்தில் இழுக்க வேண்டும். சணல்கயிறு பனியில் ஈரமானால் இறுகும், வெயிலில் காய்ந்தால் தளரும். ஆகவே காலையும் மாலையும் சுற்றி வந்து கயிறுகளைச் சரிபார்ப்பது புதியவரின் வேலை. என் வேலை.

ஒன்பது மணிவரை வெளிச்சம் இருந்தது. மதிலின் சுண்ணாம்புக் கல் அந்த வெளிச்சத்தில் தேன் நிறத்துக்கு மாறியதைப் பார்த்துக்கொண்டே முளை அறைந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை

விடிந்ததும் பெட்டி திறக்கப்பட்டது. எங்கள் குழுவில் ஒரு பெரிய மரப்பெட்டி உண்டு. எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் தைத்துவிட முடியாது என்பதால் புதியவர்களுக்கு இரவல் கொடுக்க அதில் உடைகள் இருக்கின்றன. நான் தைத்தது மேலங்கி மட்டும். லினன் உள்ளங்கி, தலைத்துணி, காலணி மூன்றும் பெட்டியிலிருந்து வந்தவை. உள்ளங்கியின் தோள்பட்டையில் நான்கைந்து இடங்களில் ஒட்டுப் போட்டுத் தைத்திருக்கிறது. ஒவ்வொன்றும் வேறு வேறு கை. ஒன்று நெருக்கமாக, ஒன்று அவசரமாக, ஒன்று இடது கைக்காரருடையது போல எதிர்ப்பக்கம் சாய்ந்து.

உடுத்துவதற்கே உதவி தேவைப்பட்டது. முதலில் உள்ளங்கி. அது வியர்வையை வாங்கும், அடிக்கடி துவைக்கலாம். அதன்மேல் கம்பளி. அதைத் துவைப்பது அரிது, காற்றில் உலர்த்தித் தட்டுவதுதான். ஆகஸ்ட் வெயிலில் கம்பளியா என்று பயந்திருந்தேன். கடற்காற்று வீசும் இந்த ஊரில், வியர்வையை லினன் வாங்கிக்கொள்ள, கம்பளி சுடவில்லை. தலையை மூடியதும் பின்கழுத்து வெயிலிலிருந்து தப்பியது. வயல்வேலைக்குப் போகும் நம் பெண்கள் தலையில் துணி கட்டுவதற்கு என்ன காரணமோ அதே காரணம்.

பழக நாளாகும் என்று தோன்றுவது காலணிதான். உள்புறம் வெளியே தெரிய வைத்துத் தைத்து, பிறகு தோலைப் புரட்டி எடுக்கும் செருப்பு அது. குதிகால் உயரம் கிடையாது. பாதத்துக்குக் கீழே ஒரு தோல் அடுக்கு, அவ்வளவே. விஸ்பியின் கல் பாவிய தெருவில் ஒவ்வொரு கல்லும் பாதத்தோடு பேசுகிறது. பத்தே நிமிடத்தில் என் நடை மாறிவிட்டது. குதிகாலை முதலில் ஊன்றுவதை விட்டுவிட்டு, முன்பாதத்தால் தரையைத் தொட்டுப் பார்த்து நடக்கிறேன்.

வாரத்தின் தொடக்கத்துக்காக நகரம் நிரம்பி வழிந்தது. முழவு, ஊதுகுழல், கொடிகள். நான் கயிறு பார்க்கத் திரும்பி வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை

இன்று முழுவதும் அடுப்படி. இந்த நாளைப் பற்றி நிறைய எழுதவேண்டும்.

நெருப்பை மண்ணில் மூட்டுவதில்லை. தரை பாழாகாமல் உயர்த்தி வைத்த இரும்புத் தட்டில் மூட்டுகிறோம். அதன்மேல் முக்காலி, முக்காலியில் சங்கிலி, சங்கிலியில் இரும்புப் பானை. தண்ணீர் வாளி இரண்டு எப்போதும் நிறைந்திருக்க வேண்டும். காற்று கடலிலிருந்து நிலத்துக்குத் திரும்பினால் எல்லாக் கூடாரங்களுக்கும் பொறி பறக்கும். ஆகவே அடுப்பை விட்டு ஒருவர் எழுந்தால் இன்னொருவரிடம் வாய்விட்டுச் சொல்லி ஒப்படைக்க வேண்டும். கம்பளிக்கு இங்கே இன்னொரு பயன் தெரிந்தது. பொறி விழுந்தால் கருகி அணைந்துவிடுகிறது, பற்றிக்கொள்வதில்லை. பாவாடை விளிம்பில் இப்போது இரண்டு சின்ன ஓட்டைகள்.

காலையில் பார்லிக் கஞ்சி. மதியம் உலர்பட்டாணியை முட்டைக்கோஸ், வெங்காயம், டர்னிப் கிழங்கோடு வேகவைத்த கூழ், ரை என்ற தானியத்தில் செய்த, கம்பு நிற ரொட்டி, வெண்ணெய், புகையிட்ட மீன். உருளைக்கிழங்கு கிடையாது, தக்காளி கிடையாது, மிளகாய் கிடையாது. மூன்றும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து பின்னால் வந்தவை. சமையலை நடத்தும் பெண் இதை என்னிடம் சற்றுத் தயங்கித்தான் சொன்னார், மிளகாய் இல்லாமல் எனக்குச் சிரமமாயிருக்கும் என்று. 1360இல் தஞ்சாவூரிலும் மிளகாய் கிடையாது என்றேன். அவர் கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு மசாலாப் பெட்டியைக் கொண்டுவந்து என் முன்னால் திறந்தார்.

சின்ன மரப்பெட்டி. உள்ளே மிளகு, லவங்கப்பட்டை, கிராம்பு, குங்குமப்பூ, சுக்கு. விவசாயக் குடும்பத்தில் இவை இருந்திருக்காது. மதிலுக்குள் வாழ்ந்த, வட ஐரோப்பிய வணிக நகரங்களின் கூட்டமைப்பான ஹன்சாவைச் சேர்ந்த வணிகர்களின் வீட்டில் இருந்திருக்கும். மிளகு நம் மேற்குக் கடற்கரையிலிருந்து கப்பலேறி, எகிப்து வழியாக வெனிஸுக்குப் போய், அங்கிருந்து வடக்கே கைமாறிக் கைமாறி இந்தத் தீவை அடைந்தது. சுக்கை எடுத்துக் காட்டி, “இங்கெஃபேரா” என்றார். ஸ்வீடிஷ் மொழியில் இஞ்சிக்கு அதுதான் பெயர். நான் மெதுவாக “இஞ்சிவேர்” என்றேன். மறுபடி சொல்லச் சொன்னார். சொன்னேன். நம் சொல்லே வடமொழி வழியாக, கிரேக்கம், லத்தீன், ஜெர்மன் என்று வாய்க்கு வாய் தேய்ந்து அந்தப் பானை வரை வந்திருக்கிறது. அடுப்பைச் சுற்றியிருந்த ஆறு பேரும் இரண்டு சொற்களையும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தார்கள். நான் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு பானையைக் கிளறினேன்.

பாத்திரம் தேய்க்கச் சாம்பலும் மணலும். அதை மட்டும் எனக்கு யாரும் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை

அரை நாள் விடுப்பு கிடைத்தது. உடுத்திய உடையிலேயே ஊருக்குள் போனேன்.

விஸ்பியின் மதில் ஏறக்குறைய மூன்றரை கிலோமீட்டர் நீளம். பெரும்பகுதி 13ஆம் நூற்றாண்டில் எழுந்தது. உள்ளே பத்துக்கும் மேற்பட்ட தேவாலயங்கள் கூரையில்லாமல் நிற்கின்றன. தூய மரியாள் பேராலயம் ஒன்றில்தான் இன்றும் வழிபாடு நடக்கிறது. பெரிய சதுக்கத்தில் இருக்கும் செயின்ட் காரின் ஆலயத்தில் வளைவுகள் மட்டும் வானத்தைத் தாங்குகின்றன. வீட்டுச் சுவர்களில் ரோஜாக் கொடிகள். ஊர் 1995இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

மதிலைப் பற்றி எல்லோரும் பகைவனைத் தடுக்கக் கட்டியது என்று நினைப்போம். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் 1288இல் இந்த நகரமும் இதே தீவின் கிராமத்து விவசாயிகளும் போரிட்டுக்கொண்டார்கள். வணிகம் யார் கையில் என்பதுதான் சண்டை. ஆக, கடல்பக்கத்துச் சுவரைத் தவிர மற்ற நீளமெல்லாம் தன் தீவைப் பார்த்தே நிற்கிறது. கிழக்கு வாயிலிலிருந்து வெளியே வந்து திரும்பிப் பார்த்தபோது, அந்த உயரம் யாருக்காக என்பது உடம்பில் உறைத்தது.

ஒரு கடையில் கோட்லாந்தின் குங்குமப்பூப் பணியாரம் சாப்பிட்டேன். பாலில் குழைய வெந்த அரிசி, குங்குமப்பூ, பாதாம் சேர்த்து அடுப்பில் சுட்டு, மேலே கருநீலப் பழச்சாற்றுக் குழம்பும் க்ரீமும் வைத்துத் தருகிறார்கள். கண்ணை மூடிச் சாப்பிட்டால் அக்காரவடிசலின் தூரத்து உறவு.

சந்தையில் சாயமிட்ட நூல்கள் வாங்கினேன். சிவப்பு, நம் மஞ்சிட்டியின் குடும்பத்தைச் சேர்ந்த செடியின் வேரிலிருந்து. நீலம், வேய்டெ என்ற செடியின் இலையிலிருந்து. செடி வேறானாலும் நிறம் தருவது அவுரியில் இருக்கும் அதே பொருள்தான்.

புதன்கிழமை

ஆயுதப் பயிற்சி நாள். நான் தண்ணீர் சுமப்பவள்.

மழுங்கிய விளிம்புள்ள எஃகு வாள்கள். விளிம்பில் விரலை ஓட்டிச் சிராய்ப்பு இருக்கிறதா என்று காலையில் ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். இருந்தால் அரம் போட்டுத் தேய்த்த பிறகுதான் களத்துக்குள் அனுமதி. எங்கள் குழுவில் முகத்தைக் குத்துவது தடை. யார் “நிறுத்து” என்று கத்தினாலும், பார்வையாளராகவே இருந்தாலும், எல்லோரும் அந்த நொடியே அசையாமல் நிற்க வேண்டும். புதியவர் களத்தில் கற்றுக்கொள்ளும் முதல் பாடம் அந்தச் சொல்தான். பத்து முறை எனக்குக் கத்திப் பழக்கம் கொடுத்தார்கள். வயிற்றிலிருந்து வர வேண்டும், தொண்டையிலிருந்து வந்தால் தலைக்கவசத்துக்குள் கேட்காது.

கவசம் பூட்டுவதற்கு இன்னொருவரின் கைகள் வேண்டும். பஞ்சு வைத்துத் தைத்த தடித்த அங்கி முதலில். அதன்மேல் இரும்பு வளையச் சட்டை. அதன்மேல் தகட்டுக் கவசம். துணி அல்லது தோலின் உட்புறத்தில் இரும்புத் தகடுகளை ஆணியடித்துப் பொருத்தியது. வெளியிலிருந்து பார்த்தால் ஆணித்தலைகள் மட்டும் வரிசையாகத் தெரியும். உலகம் முழுவதும் இந்தக் காலத்தைச் செய்து பார்க்கும் குழுக்கள் பின்பற்றும் மாதிரி இந்த ஊரின் மண்ணிலிருந்து கிடைத்தது. விஸ்பிக் கவசம் என்றே பெயர். எப்படிக் கிடைத்தது என்பதை நாளை எழுதுகிறேன். நாளை காலை அந்த இடத்துக்குப் போகிறோம்.

மதியம் களம் முடிந்ததும், எங்கள் குழுவின் கவசம் செய்பவர் தம் தகட்டுக் கவசத்தை என் தோளில் பூட்டிவிட்டார். அவர் தொழில்முறையில் மரத்தச்சர். பின்முதுகில் வாரை இறுக்கும்போது, “மூச்சை முழுதாக இழுத்துக்கொள், பிறகுதான் கட்டுவேன்” என்றார். எடை தோளில் மட்டும் விழாமல் இடுப்புவரை பரவியது. ஓடலாம், குனியலாம். ஆனால் கீழே பார்க்கும்போது ஒன்று தெரிந்தது. மார்பும் வயிறும் மூடியிருக்கின்றன. முழங்காலுக்குக் கீழே என் கம்பளிப் பாவாடை மட்டும்தான்.

அவரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எதுவும் சொல்லவில்லை. வாரை அவிழ்த்துக் கவசத்தை வாங்கிக்கொண்டார்.

வியாழக்கிழமை

ஆறு மணிக்கு, சந்தை விழிக்கும் முன், எல்லோரும் கிளம்பினோம். ஆயுதம் யாரும் எடுக்கவில்லை. மதிலுக்கு வெளியே தென்கிழக்கில், நடக்கும் தூரத்தில், புல்தரையில் ஒரு கல் சிலுவை நிற்கிறது. அந்த இடத்தின் பெயர் கோர்ஸ்பெட்னிங்கென்.

1361 ஜூலையில் டென்மார்க்கின் மன்னன் வால்டெமார் அட்டர்டாக் இந்தத் தீவில் இறங்கினான். அவனிடம் இருந்தது போரையே தொழிலாகக் கொண்ட படை. எதிர்த்து நின்றவர்கள் கோட்லாந்தின் விவசாயிகள். பின்வாங்கிப் பின்வாங்கி ஜூலை 27, செவ்வாய்க்கிழமை, விஸ்பியின் வாயில்களுக்கு முன்னால் நின்றார்கள். வாயில்கள் திறக்கவில்லை. நகரத்தார் மதிலுக்குள் இருந்தபடியே இருந்தார்கள். ஏறக்குறைய 1,800 பேர் இங்கே வெட்டுண்டு விழுந்ததாகச் சொல்கிறார்கள். அதன் பிறகு நகரம் மன்னனிடம் சரணடைந்தது. மூன்று பெரிய பீப்பாய்கள் நிறைய வெள்ளியும் பொன்னும் கேட்டுச் சதுக்கத்தில் வைத்தான் என்று பிற்காலக் கதை ஒன்று உண்டு. நகரத்தின் வணிகம் அழியாமல் தொடர்ந்தது.

வெயில் காலம். உடல்கள் சீக்கிரம் கெடத் தொடங்கியதால் கவசங்களைக் கழற்றாமலேயே பெரிய குழிகளில் தள்ளி மூடினார்கள் என்பது ஆய்வாளர்களின் விளக்கம். அதனால்தான் வேறெங்கும் கிடைக்காத அளவுக்கு இந்தக் குழிகளில் கவசங்கள் கிடைத்தன. நேற்று நான் அணிந்த மாதிரி அப்படி வந்தது. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தோண்டியபோது 1,185 பேரின் எலும்புகளாவது கணக்கில் வந்தன. அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் சிறுவர்கள், முதியவர்கள், உடல் ஊனமுற்றவர்கள். வெட்டுக்காயங்களில் மிகப் பல முழங்காலுக்குக் கீழே, கெண்டைக்கால் எலும்பில். அன்று அங்கிருந்த கவசங்கள் பல அப்போதே பழையவை. தாத்தாவின் காலத்தவை. வீட்டில் இருந்ததை எடுத்து மாட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

சிலுவையைச் சுற்றி லத்தீனில் பொறித்திருக்கிறது. தையலக்கா விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தார். ஆண்டும் நாளும் சொல்லி, விஸ்பியின் வாயில்கள் முன் டேனியர் கையில் கோட்லாந்தர் வீழ்ந்தனர், இங்கே புதைக்கப்பட்டனர், அவர்களுக்காக வேண்டுங்கள் என்று முடிகிறது. ‘வாயில்கள் முன்’ என்ற சொற்களில் அவர் விரல் சற்று நின்றது.

நான் நடுகற்களைப் பார்த்து வளர்ந்தவள். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஆநிரை மீட்டு இறந்தவனுக்கு ஒரு கல் உண்டு. கையில் வில்லோடு அவன் உருவம், பக்கத்தில் பெயர். ஊரார் இன்றும் பொங்கல் வைக்கிறார்கள். இங்கே பெயர் ஒன்றுகூட இல்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ஒரே கல். சமையலை நடத்தும் பெண் கொண்டுவந்த ரை ரொட்டியைப் பிட்டுச் சிலுவையின் அடியில் வைத்தார். அவர் பிறந்தது இந்தத் தீவின் ஒரு கிராமத்தில் என்று எனக்கு அப்போதுதான் தெரியும்.

திரும்பி நடக்கும்போது மதிலை அவர்கள் பார்த்த பக்கத்திலிருந்து பார்த்தேன். பனியில் நனைந்த புல் என் தோல் செருப்பை ஊறவைத்திருந்தது. இரண்டு முறை வழுக்கினேன். இதே போன்ற செருப்பில், இதே மண்ணில், காலைக் குறிவைத்து வெட்டுபவனுக்கு எதிரே நிற்பது எப்படி இருந்திருக்கும் என்று புத்தகத்தில் படித்தபோது எனக்குத் தோன்றியதே இல்லை.

வெள்ளிக்கிழமை

மழை, இரவு முழுவதும். கூடாரத் துணியை உள்ளிருந்து தொடக்கூடாது, தொட்ட இடத்தில் ஒழுகும். ஐந்து பேர் நடுவில் நெருங்கிப் படுத்தோம். மூன்று முறை எழுந்து போய்க் கயிறுகளைத் தளர்த்தினேன். நனைந்த கம்பளி கனக்கிறது, ஆனால் குளிரவில்லை.

பகலில் பார்வையாளர் யாரும் வரவில்லை. உட்கார்ந்து கிழிசல் தைத்தோம். யாரோ மெல்லிய குரலில் பழைய பாட்டு ஒன்றைப் பாடினார்கள். பிறகு என்னைப் பாடச் சொன்னார்கள். அம்மா நாற்று நடும்போது பாடும் குலவைப் பாட்டில் எனக்குத் தெரிந்த நான்கு அடிகளைப் பாடினேன்.

சனிக்கிழமை

வெயில் அடித்தது. ஊரே முகாமுக்குள் வந்தது போலக் கூட்டம்.

புதியவர்கள் பார்வையாளரிடம் பேசவேண்டிய கட்டாயமில்லை. ஆனால் கையில் ஊசியோடு உட்கார்ந்திருந்தால் மக்கள் தாமாக வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். நான் ஒரு சிறுமியிடம் ஊசியைக் கொடுத்தேன். பத்துத் தையல் போட்டுவிட்டு, ஓர் அங்கிக்கு எத்தனை தையல் என்று கேட்டாள். எண்ணியதில்லை என்று உண்மையைச் சொன்னேன். அவளே ஒரு விரற்கடைக்கு எத்தனை என்று எண்ணி, என் பாவாடை விளிம்பை அளந்து, பெருக்க ஆரம்பித்துவிட்டாள்.

அவளோடு வந்த பெரியவர் என்னை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்கலாமா என்று அனுமதி வாங்கிக்கொண்டு கேட்டார். “அந்தக் காலத்து விஸ்பியில் உங்களைப் போன்றவர் இருந்திருப்பாரா?” ஒரு வாரமாக நான் எதிர்பார்த்திருந்த கேள்வி. அவர் குரலில் பகை இல்லை. என் ஊரிலிருந்து இங்கு யாரும் வந்ததாக நான் எங்கும் படித்ததில்லை, இந்த உடையை உடுத்தியவள் இந்தத் தீவுக்காரி, அவள் எப்படித் தைத்தாள் என்று காட்டத்தான் நான் உட்கார்ந்திருக்கிறேன் என்றேன். பிறகு எழுந்து போய் மசாலாப் பெட்டியைக் கொண்டுவந்தேன். ஒரு மிளகை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்து, “இது வந்திருக்கிறது” என்றேன்.

அவர் மிளகைப் பல்லில் கடித்தார். அந்தச் சிறுமிக்கும் ஒன்று வேண்டுமாம். கடித்துவிட்டுத் தண்ணீருக்கு ஓடினாள். திரும்பி வந்து இன்னொன்று கேட்டாள்.

மாலையில் கவசம் செய்யும் தச்சர் என் கெண்டைக்காலை நூலால் அளந்தார். சுற்றளவு, முழங்கால்வரை உயரம். எதற்கு என்று கேட்டேன். குளிர்காலத்தில் கால்கவசம் செய்யக் கற்றுத்தருவாராம். “களத்துக்குப் போக இன்னும் இரண்டு ஆண்டு இருக்கிறது. ஆனால் அதை நீதான் முதலில் செய்ய வேண்டும்” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை

கூடாரங்கள் இறங்கின. புல்லில் எங்கள் கம்பளிப் படுக்கைகளின் வடிவம் மஞ்சளாகப் பதிந்திருக்கிறது. முளைக்குழிகளை மிதித்து மூடினேன். சாம்பலை அள்ளினேன். கப்பலுக்கு இன்னும் மூன்று மணி நேரம்.

இரவல் உடைகளைத் துவைத்து, காயவைத்து, கிழிசல் தைத்துத்தான் பெட்டியில் திருப்பி வைக்க வேண்டும். உள்ளங்கியின் அக்குள் பக்கத்தில் விரல் நீளத்துக்குப் பிரிந்திருக்கிறது. மழை இரவில் கயிறு இழுத்தபோது நேர்ந்திருக்கும். செவ்வாய்க்கிழமை வாங்கிய நீல நூலை மெழுகில் இழுத்தேன். தையலக்கா வெள்ளை நூல் கொண்டுவந்தார். என் கையில் நீலத்தைப் பார்த்துவிட்டு, வெள்ளையைத் தம் பையிலேயே வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

பதினாறு தையல். இந்த முறை எண்ணினேன். முடிச்சைப் பல்லால் கடித்து அறுத்து, உள்ளங்கியை மடித்து, பெட்டியில் மற்றவற்றின்மேல் வைத்தேன்.

துறைமுகத்தில் வரிசையில் நின்றபோது இடுப்புப் பையிலிருந்து மூக்குத்தியை எடுத்தேன். ஒன்பது நாளில் துளை இறுகிவிட்டிருந்தது. இரண்டு முறை நழுவியது. தையலக்கா தாதியாக இருந்தவர். கையைத் துடைத்துக்கொண்டு என் முகவாயைப் பிடித்து, ஒரே அழுத்தில் மாட்டிவிட்டார்.